நிழலில் அறிந்த ஞாயிறு

கொழும்பு மாநகரின் தென்புறத்தே அமைந்த வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மேற்கு நோக்கிக் கடலுக்குச் செல்லும் ஒழுங்கைகள் பல. அவற்றுள் எதன்வழியே சென்றாலும் முடிவில் புகையிரதப் பாதையும், அதற்கப்பால் கருங்கற் குவியல்களில் மோதி நுரைக்கும் அலைகளும் எதிர்ப்படும். மாலை வேளையில் அக்கரையில் மக்கள் கூடுவர். அலுவலகம் விட்டு வந்தோர், பேரப்பிள்ளைகளின் கைபற்றி வந்த முதியோர், கச்சான் கொறிக்கும் இளைஞர் ஆகிய யாவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி மேற்கே நோக்குவதுண்டு. அது, செந்நிறத் தட்டாகிய ஞாயிறு கடல்நீரைத் தொடும் கணம்.

அக்காட்சியைக் காணும் சிறு பிள்ளை இரண்டு வினாக்களைக் கேட்கும். ஞாயிறு எங்கே போகிறது என்பது ஒன்று. இவ்வளவு நெருப்பும் அணையாமல் நாளைக்கும் எப்படி எரியும் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குரிய விடையை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரத நாட்டு அறிஞர் ஒருவர் எழுதி வைத்தார். இரண்டாம் வினாவுக்கோ 1939 ஆம் ஆண்டு வரையில் எவராலும் சரியான விடை கூற இயலவில்லை. இவ்விரு விடைகளின் வரலாற்றிலும் ஒரு வியப்பு உண்டு. ஒளியே வடிவான ஞாயிற்றைப் பற்றிய உண்மைகளுட் பலவற்றை, அது மறைந்திருந்த வேளைகளிலேயே மனிதர் கண்டறிந்தனர்.

இரவு என்பது பூமியின் நிழல். விளக்கின் முன் பிடித்த தேங்காயின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் இருப்பது போலவே, எக்காலத்தும் பூமியின் ஒரு பாதி பகலாகவும் மறுபாதி இரவாகவும் இருக்கின்றது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகின்றது. கொழும்பு நகரம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருப்பதால், அதன் வீடுகளும் வீதிகளும் மக்களும் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழன்று, அந்த நிழலுக்குள் புகுகின்றனர். கடற்கரையில் நிற்பவர் மேற்கே மட்டும் பாராமல் முதுகுப்புறமும் திரும்பிப் பார்த்தால், தெளிந்த மாலைகளில், கட்டடங்களுக்கு மேலே கருநீலப் பட்டையொன்று கிழக்கு வானில் எழுவதைக் காணலாம். அதுவே பூமியின் நிழல்.

மேற்கே தோன்றும் காட்சியிலும் ஒரு மயக்கம் உண்டு. காற்று ஒளியை வளைக்கின்றது. ஆதலால், ஞாயிற்றின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாகக் கண்ணுக்குத் தோன்றும்போது, ஞாயிறு உண்மையில் அடிவானத்துக்குக் கீழே முழுவதும் போய்விட்டது. அன்றியும், அவ்வொளி ஞாயிற்றிலிருந்து புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிவிட்டது. கண்டதைக் கண்டபடியே நம்புதல் போதாது, கண்டதை ஆராய்தலும் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைத்தல் அரிது.

பூமியே சுழல்கிறது என்னும் கருத்தை 499 ஆம் ஆண்டளவில் இயற்றிய தம் நூலில் ஆரியபட்டர் தெளிவாகக் கூறினார். ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வனபோலத் தோன்றும். அவ்வாறே அசையா விண்மீன்கள் மேற்கே செல்வனபோலத் தோன்றுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அக்கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பூமி சுழலுமாயின், விண்ணிற் பறந்த பறவைகள் தம் இடத்துக்கு மீள்வது எவ்வாறு என வராகமிகிரர் வினவினார். பின்வந்த பிரமகுப்தரும் மறுத்தார். காற்றும் பறவையும் பூமியோடு கூடவே சுழல்கின்றன என்னும் விடை அக்காலத்தார்க்குத் தோன்றவில்லை. ஐரோப்பாவில் கொப்பர்நிக்கசின் நூல் 1543 இல் வெளிவந்த பின்னரும் இதே தடை எழுப்பப்பட்டது. பூமி சுழல்வதை ஊசற்குண்டு ஒன்றைக் கொண்டு பாரிசு நகரில் பூக்கோ என்பவர் பலரும் காணக் காட்டியது 1851 இல்தான்.

சந்திர கிரகணம் என்பது இதே நிழலின் மற்றொரு தோற்றம். இரவாக வெள்ளவத்தையை மூடும் நிழலே விண்வெளியில் கூம்பு வடிவாக நீண்டு, பூரணைச் சந்திரன் மீது விழுகின்றது. காரணத்தை அறியாமலே இதன் நேரத்தைக் கணிக்கவல்ல முறைகள் தமிழரிடையே வழங்கின. யோன் வாரன் என்னும் ஆங்கில அதிகாரி புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைச் சந்தித்தார். அவர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, நிலத்திலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களைத் துணைக்கொண்டு, 1825 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே பிழைத்தது. முடிவு நேரத்திலோ 52 நிமிடம் பிழைத்தது. நூற்றாண்டுகள் பலவற்றைக் கடந்து நினைவின் வாயிலாகவே வந்த ஒரு கணிதம், இவ்வளவு அண்மையாகப் பலித்தமை பெருமைக்குரியதே. ஆயினும் நாழிகை இரண்டின் பிழையை யார் திருத்துவது என்னும் கேள்வி எஞ்சி நின்றது.

அக்கேள்வி யாழ்ப்பாணத்தில் மத வாதமாகவே மாறியது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் முதல் அதிபர் தானியேல் பூவர். அயலூராகிய அராலியில் வாழ்ந்த விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்க கணிதத்தில் பெரும்புகழ் பெற்றவர். 1829 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்குச் சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்த தொடக்க நேரமும், நீடிக்கும் காலமும், மறையும் அளவும் ஐரோப்பிய கணிதத்தினின்றும் வேறுபட்டிருப்பதைப் பூவர் கண்டார். அவர் அதனை முன்னதாகவே வெளிப்படுத்தினார். ஊரார் அவ்விரவுக்காகக் காத்திருந்தனர். வானம் காட்டிய நேரம் பூவரின் கணக்கோடு ஒத்தது. சாத்திரம் பிழைத்தால் சமயமும் பிழைத்ததாகும் என மிஷனரிமார் வாதித்தனர். கற்றோர் மனங்களில் அஃது ஏற்படுத்திய கலக்கம் சிறிதன்று.

அவ்வாதத்தில் ஒரு குறை இருந்தது. கணிதம் பிழைத்தபோது வானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமையன்று. கேரள தேசத்துப் பரமேசுவரர் என்னும் வானநூலார் பல ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணாற் கண்டு, நூற்கணக்கோடு ஒப்பிட்டு, 1431 இல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். ‘திருக்’ என்னும் வடசொல் பார்வையைக் குறிப்பது. ஆகவே கண்டு கணித்ததே திருக்கணிதம். பிழை நேர்ந்தது முன்னோரின் அறிவினால் அன்று. முன்னோர் செய்த திருத்தத்தைப் பின்னோர் தொடராமையால். வட்டுக்கோட்டையிலும் காலப்போக்கில் பகைமை தணிந்து ஆராய்ச்சி வளர்ந்தது. செமினரியின் பின்னைய அதிபராகிய ஹொய்சிங்டன், தமிழ் மரபின் வான கணிதத்தைக் கற்று, அதனை ஆங்கில விளக்கத்தோடு 1848 இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார்.

சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், தொலைநோக்கியிற் கண்டவற்றைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்றார். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இரண்டும் இன்றும் தமிழர் இல்லங்களில் வழங்குகின்றன. விரத நாள் ஒன்று இரண்டிலும் வேறுபடும்போது, பரமேசுவரர் எழுப்பிய அதே கேள்வி வெள்ளவத்தை வீடுகளின் சுவர்களில் மீண்டும் எழுகின்றது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஞாயிறு எதனால் ஆனது? அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்வதால், அதன் விளிம்பில் நிகழ்வனவற்றைச் சந்திரன் மறைக்கும் சில நிமிடங்களில் மட்டுமே அக்காலத்தார் காண முடிந்தது. 1868 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 ஆம் நாள் தென்னிந்தியாவைக் கடந்த முழுச் சூரிய கிரகணம் அத்தகையதொரு வாய்ப்பு. பிரான்சு நாட்டு அறிஞர் யான்சன் குண்டூரில் கருவி அமைத்தார். சென்னை நிலையத்தைச் சேர்ந்த பொக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், இரகுநாதாச்சாரியார் வனபர்த்திக்கும் சென்றனர். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலை காட்டியில், ஞாயிற்றின் விளிம்பினின்றும் எழுந்த சுவாலைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. சுவாலைகள் எரியும் வாயுவே என்பது உறுதியாயிற்று. அக்கோடுகள் மிகுந்த பிரகாசமாயிருந்தமையால், கிரகணம் இல்லாத மறுநாளும் யான்சன் அவற்றைத் தேடிக் கண்டார்.

கோடுகளுள் மஞ்சள் நிறமான ஒன்று அறியப்பட்ட எந்த மூலகத்தோடும் பொருந்தவில்லை. அதே ஆண்டு ஒக்தோபரில் இங்கிலாந்தில் தாமாகவே அதனைக் கண்ட லொக்கியர், அது ஞாயிற்றிலுள்ள புதிய மூலகம் எனக் கொண்டார். ஞாயிற்றின் கிரேக்கப் பெயரைத் தழுவி அதற்கு ஈலியம் என்னும் பெயர் அமைந்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1895 இல் இராம்சே என்பவர் யுரேனியக் கனிப்பொருள் ஒன்றிலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். பூமியிற் கண்டு பிடிக்கப்படுமுன் விண்ணிற் கண்டு பிடிக்கப்பட்ட மூலகம் அது.

மூன்றாண்டுகளின் பின், 1871 டிசெம்பர் 12 ஆம் நாள், நிழல் இலங்கையின் வடபாகத்தையே தொட்டது. லொக்கியர் தலைமையில் வந்த ஆங்கிலக் குழுவின் பிரிவினர் மலையாளக் கரையிலும், புதுக்கோட்டையிலும், யாழ்ப்பாணத்திலும், திருகோணமலையிலும் காத்திருந்தனர். முழுமறைவின்போது ஞாயிற்றைச் சூழத் தோன்றும் வெண்ணிற ஒளிவளையம் சந்திரனுக்கோ பூமியின் காற்றுக்கோ உரியதன்று, ஞாயிற்றுக்கே உரியது என்பதை அன்றைய ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின. அவ்வளையம் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடையது என்பதோ 1940 ஆம் ஆண்டளவிலேயே விளங்கியது.

ஆயினும் எரிபொருள் எது என்னும் புதிர் அவிழவில்லை. ஞாயிறு முழுவதும் நிலக்கரியாக இருப்பின், ஐயாயிரம் ஆண்டளவிலேயே எரிந்து சாம்பலாகியிருக்கும். தன் எடையினாலேயே சுருங்கி அதனால் வெப்பம் பெறுகிறது எனக் கெல்வின் பிரபு கணக்கிட்டார். அக்கணக்கின்படி ஞாயிற்றின் வயது சில கோடி ஆண்டுகளே. பாறைகளை ஆராய்ந்தோர் அதனை ஏற்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கு அரிபடுவதற்கே முப்பது கோடி ஆண்டுகள் சென்றிருக்கும் என 1859 இல் தார்வின் எழுதியிருந்தார். எதிர்ப்பு எழவே அக்கணக்கைப் பின்னைய பதிப்பில் நீக்கிவிட்டார். தார்வினின் எண் துல்லியமானதன்று. எனினும் காலம் மிக நீண்டது என்னும் அவர் எண்ணமே இறுதியில் வென்றது. கெல்வினின் கணிதத்தில் பிழை இல்லை. அவர் காலத்தில் எவரும் அறியாத ஒரு சத்தி இருந்தது என்பதே அவர் தவறியதன் காரணம்.

அதன் வாயிலைத் திறந்தவர்களுள் இருவர் சிறப்பாக நினைக்கத்தக்கவர். கல்கத்தாவில் ஆசிரியராயிருந்த மேகநாத சாகா, விண்மீன்களின் நிறமாலைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை 1920 இல் சமன்பாடாக்கினார். அதனைக் கருவியாகக் கொண்டு, 1925 இல் சிசிலியா பெயின் என்னும் இளம்பெண், விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என அமெரிக்காவில் நிறுவினார். அதற்கு முன் யாவரும், ஞாயிறு பூமியைப் போலவே இரும்பு முதலியவற்றால் ஆனது என நம்பினர். அக்காலத்து முதுபெரும் வானியலாளராகிய இரசல் அம்முடிவை ஒப்பவில்லை. அவர் சொற்படி, தம் முடிவு பெரும்பாலும் உண்மையாகாது எனப் பெயின் தம் நூலில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின் இரசலும் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். புகழ் பெற்றோர் மறுத்தபோதும் உண்மை காத்திருந்தது.

நான்கு ஐதரசன் கருக்கள் சேர்ந்து ஓர் ஈலியக் கரு ஆகுமானால், ஆயிரத்தில் ஏழு பங்கு எடை குறையும். எடை குறைந்தால் அது சத்தியாக வெளிப்படும் என்பது 1905 இல் ஐன்சுடைன் காட்டிய நியதி. இதுவே ஞாயிற்றின் அடுப்பாகலாம் என எடிங்டன் 1920 இல் ஊகித்தார். அச்சேர்க்கை படிப்படியாக எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1939 இல் பெதே விளக்கினார். அதற்காக 1967 இல் நொபெல் பரிசு பெற்றார். குண்டூரில் மஞ்சள் கோடாகத் தென்பட்ட ஈலியமே ஞாயிற்று அடுப்பின் சாம்பல் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஞாயிற்றின் நடுவே வெப்பம் ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாகின்றது. அதில் 40 இலட்சம் தொன் அளவான எடை சத்தியாக மாறி வெளியேறுகின்றது. இத்தொகைகள் பெரியனவாகத் தோன்றினும், ஞாயிறு நிதானமாகவே எரிகின்றது. அதன் நடுப்பகுதியிலும் ஒரு கன மீற்றரில் பிறக்கும் வெப்பம் 300 உவாற்றுக்கும் குறைவு. அதே பருமனுள்ள உயிருள்ள உடல் அதனினும் மிகுதியாக வெப்பம் தரும். ஐதரசன் கரு ஒன்று சேர்க்கைக்குரிய துணையைப் பெறச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் செல்லும். ஞாயிற்றின் பெரும் ஒளி அதன் அளவற்ற பருமனால் வந்தது. அதன் நீண்ட ஆயுளோ இப்பொறுமையால் வந்தது. அது 460 கோடி ஆண்டுகளாக எரிந்து வருகின்றது. ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளுக்குப் போதிய ஐதரசன் இன்னும் இருக்கின்றது. பின்னர் அது பருத்துச் சிவந்து, இறுதியில் வெண்குறுமீனாகச் சுருங்கும். அத்தகைய மீன்களுக்கு உரிய எடையின் எல்லையைக் கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1983 இல் நொபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் நாள் காலை, அந்நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இலங்கையைக் கடந்தது. பிலிப்பைன் தீவுகளின் அருகே முழுமறைவு 7 நிமிடம் 8 செக்கன் நீடித்தது. பல தேசத்து அறிஞர் பொலன்னறுவையை அடுத்த பகுதிகளில் கருவிகளை நிறுவியிருந்தனர். ஞாயிற்றின் அருகே விண்மீனொளி எவ்வளவு வளைகின்றது என அளப்பது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. உரிய வேளையில் முகில் திரண்டு அவருட் பலரின் முயற்சியை வீணாக்கியது. பகல் இருண்டதை மக்கள் கண்டனர். அறிஞர் பலர் தாம் தேடி வந்ததைக் காணவில்லை. கிரகணத்தை நொடி பிசகாது கணிக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு முகிலை விலக்கத் தெரியவில்லை. ஆயினும் அவர்கள் அடுத்த நிழலைத் தேடிச் சென்றனர். 2010 ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி, சனவரி 15 ஆம் நாள் யாழ்ப்பாண வானில் கங்கண கிரகணம் தோன்றியபோது, ஞாயிற்றுக்கு நன்றி கூறிய கைகளே அதனைக் காண்பதற்குக் கறுப்புக் கண்ணாடிகளையும் ஏந்தின.

ஞாயிற்றின் நடுவே நிகழ்வதை நேரிற் காட்டும் சாட்சியும் பிற்காலத்திற் கிடைத்தது. ஐதரசன் ஈலியமாகும்போது நியூத்திரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை எதிலும் தடைப்படாமல் எட்டு நிமிடங்களில் பூமியை அடைகின்றன. அமெரிக்கச் சுரங்கம் ஒன்றில் அவற்றை எண்ணத் தொடங்கிய தேவிசு, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கையே கண்டார். அவர் எண்ணிக்கை பிழையென்றோர் பலர். துகள்கள் வழியிலே தம் வகையை மாற்றிக்கொள்கின்றன என்பதைக் கனடாவில் நடந்த ஆராய்ச்சி 2001, 2002 ஆம் ஆண்டுகளில் நிலைநாட்டிற்று. தேவிசின் எண்ணிக்கையும் சரி, பெதேயின் கணக்கும் சரி என்றாயிற்று.

இத்துகள்களுக்குப் பகலும் இரவும் ஒன்றே. நள்ளிரவில் வெள்ளவத்தை வீடொன்றில் உறங்குபவரின் உடலினூடாகவும், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு செக்கனில் ஏறக்குறைய 6,500 கோடி என்னும் அளவில், அவை பூமியைத் துளைத்துக் கீழிருந்து மேலாகச் செல்கின்றன. இரவு என்பது ஒளிக்கு மட்டும் வந்த தடை. ஞாயிற்றின் தொழிலுக்கு வந்த ஓய்வன்று.

வானொலி நேயர்களும் இந்நிழலின் பயனை அறிவர். பகலிற் கேளாத தொலைநாட்டு நிலையங்கள் மத்திய அலையில் இரவிலே தெளிவாகக் கேட்கும். பகலில் ஞாயிற்றுக் கதிர்கள் மேல்வானில் உண்டாக்கும் ஒரு படலம் அவ்வலைகளை விழுங்குகின்றது. அந்தி சாய்ந்ததும் அப்படலம் கலைய, அதற்கும் மேலேயுள்ள படலம் அலைகளைத் தொலைதூரத்துக்குத் திருப்பி விடுகின்றது. கடற்கரையில் இருள் சூழ, மக்கள் மணலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பும் வேளையில், புகையிரதம் ஒன்று விளக்கேற்றித் தெற்கே விரைகின்றது. பிள்ளை கேட்ட இரு வினாக்களில் ஒன்றுக்கு வீடு சேருமுன்னரே விடை சொல்லிவிடலாம். மற்றதற்கு விடை சொல்ல, குண்டூரையும் யாழ்ப்பாணத்தையும் கல்கத்தாவையும் கடந்துவந்த ஒரு நெடுங்கதை வேண்டும். அதனைச் சொல்லும் பெரியவர், பிழைபட்ட கணக்குகளையும் மறைக்காமல் சொல்வாராக. அவற்றைத் திருத்திய வரலாறே இக்கதை.